வெளிச்சத்தை முந்தியது எது?

2011-ம் ஆண்டு செப்டம்பர் மாதம், உலகம் முழுவதும் பத்திரிகைகள் ஒரு செய்தியைக் கொட்டை எழுத்தில் வெளியிட்டன.

வெளிச்சத்தைவிட வேகமாக ஓடும் பொருள் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டு இருக்கிறதாம்!

படித்தவர்கள் திகைத்துப் போனார்கள். வெளிச்சத்தை மிஞ்சி எதுவும் ஓட முடியாது என்பது, மேதை ஐன்ஸ்டீன் 1905-ம் ஆண்டில் வகுத்த கொள்கையின் முடிவு. நூறு ஆண்டுகளுக்கு மேலாக எந்தச் சோதனையாலும் அதை அசைக்க முடியவில்லை.

இப்போது அதை அசைத்ததாகச் சொன்னவர்கள் விவரம் தெரியாதவர்கள் அல்ல. பல நாடுகளைச் சேர்ந்த சுமார் 160 விஞ்ஞானிகள். 3 ஆண்டுகள் அளந்து பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார்கள்.

ஐன்ஸ்டீன் தோற்றாரா? வெளிச்சத்தை முந்தியது எது?

விடை தெரிய 9 மாதங்கள் ஆயின. அந்தக் கதையைப் பார்ப்பதற்கு முன், வெளிச்சத்தின் வேகத்தை மனிதன் எப்படித் தெரிந்துகொண்டான் என்பதைப் பார்ப்போம்.

எவ்வளவு வேகம்?

மழைக் காலத்தில் மின்னல் முதலில் தெரிகிறது. இடி பிறகுதான் கேட்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் பிறந்தவைதான். சத்தம் வினாடிக்கு சுமார் 340 மீட்டர்தான் நடக்கும். வெளிச்சமோ பறந்து வந்துவிடுகிறது.

வெளிச்சம் ஒரு வினாடியில் சுமார் 3 லட்சம் கிலோ மீட்டர் ஓடும். மைல் கணக்கில் சொன்னால் 1 லட்சத்து 86 ஆயிரம் மைல்!

நீங்கள் ஒரு முறை கை தட்டுவதற்குள், அது பூமியைப் பல முறை சுற்றிவிடும். ஒரு வினாடியில் ஏழரைச் சுற்று!

சந்திரனில் இருந்து வெளிச்சம் நம்மிடம் வர ஒன்றே கால் வினாடிக்குச் சற்று அதிகம் ஆகும். சூரியனில் இருந்து வர சுமார் 8 நிமிடம் 20 வினாடி ஆகும். ஆகவே, காலையில் நீங்கள் கும்பிடும் சூரியன், 8 நிமிடத்துக்கு முன்பு இருந்த சூரியன்தான்.

இந்தக் கணக்கு இன்று பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். ஒரு காலத்தில் பெரிய அறிஞர்களுக்கே தெரியாது. வெளிச்சம் ஓடுவதே இல்லை, விளக்கை ஏற்றியதும் அந்தக் கணமே எங்கும் நிறைந்துவிடுகிறது என்றுதான் அவர்கள் நம்பினார்கள். கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் அப்படித்தான் நினைத்தார். பிரெஞ்சு அறிஞர் டெகார்ட்டும் அப்படித்தான் சொன்னார்.

கலிலியோவின் லாந்தர்

இத்தாலிய விஞ்ஞானி கலிலியோவுக்குச் சந்தேகம் வந்தது.

1638-ம் ஆண்டில் வெளிவந்த நூலில் அவர் ஒரு சோதனையைச் சொன்னார். இரவு நேரத்தில் இரண்டு பேர் தூரத் தூரமாக நிற்க வேண்டும். இருவர் கையிலும் மூடி போட்ட லாந்தர். முதல் ஆள் மூடியைத் திறக்க வேண்டும். அந்த வெளிச்சத்தைக் கண்டதும் இரண்டாவது ஆள் தன் மூடியைத் திறக்க வேண்டும். இடையில் எவ்வளவு நேரம் ஆகிறது என்று முதல் ஆள் பார்க்க வேண்டும்.

பலன் கிடைக்கவில்லை. ஒரு மைல் தூரத்தைக் கடக்க வெளிச்சத்துக்கு ஒரு வினாடியில் லட்சத்தில் ஒரு பங்கு நேரம்கூட ஆகாது. மனிதன் கண்ணைச் சிமிட்டுவதற்கே அதைவிடப் பல்லாயிரம் மடங்கு நேரம் ஆகும். அதை எப்படி அளப்பது?

வெளிச்சம் ஒரே கணத்தில் பாயாவிட்டாலும், மிக மிக வேகமாகப் பாய்கிறது என்று சொல்வதோடு கலிலியோ நிறுத்திக் கொண்டார்.

10 நிமிடம் தாமதம்!

பூமியில் முடியாததை வானத்தில் முடித்துக் காட்டினார், டென்மார்க் நாட்டைச் சேர்ந்த ரோமர் என்ற இளைஞர். அவர் பாரிஸ் வானாராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தார்.

வியாழன் கிரகத்துக்குப் பல சந்திரன்கள் உண்டு. அவற்றில் ஒன்றுக்கு "அயோ" என்று பெயர். அது நாற்பத்திரண்டரை மணி நேரத்துக்கு ஒரு முறை வியாழனைச் சுற்றி வரும். ஒவ்வொரு சுற்றிலும் வியாழனின் நிழலுக்குள் மறைந்து வெளிப்படும். கடிகாரம் போலத் தவறாமல் நடக்க வேண்டிய காரியம் இது.

ஆனால், அந்தக் கடிகாரம் சில மாதங்களில் மெதுவாகவும், சில மாதங்களில் வேகமாகவும் ஓடியது!

ஏன்?

வெளியூரில் இருக்கும் மகன் வாரம் தவறாமல் திங்கட்கிழமை கடிதம் போடுகிறான் என்று வைத்துக் கொள்ளுங்கள். தந்தை ஒவ்வொரு வாரமும் இன்னும் தூரமான ஊருக்குப் போய்க்கொண்டே இருந்தால், கடிதம் வரவர நாள் கடந்துதான் வரும். அது மகன் குற்றம் அல்ல, தூரத்தின் குற்றம்.

அதைப் போல, பூமி வியாழனை விட்டு விலகும் மாதங்களில் அயோவின் வெளிச்சம் தாமதமாக வருகிறது. நெருங்கும் மாதங்களில் சீக்கிரமாக வருகிறது. ஆகவே வெளிச்சம் ஓடித்தான் வருகிறது, அதற்கு நேரம் ஆகிறது என்றார் ரோமர்.

சொன்னதோடு நிற்கவில்லை. 1676-ம் ஆண்டு நவம்பர் 9-ந் தேதி, அயோ வழக்கமான கணக்கைவிட 10 நிமிடம் தாமதமாக வெளிப்படும் என்று முன்கூட்டியே அறிவித்தார். அப்படியே நடந்தது!

ஆனாலும், அந்த நிலையத்தில் பெரியவராக விளங்கிய காசினி, ரோமரின் விளக்கத்தை ஏற்கவில்லை. ரோமர் 1710-ம் ஆண்டில் காலமானார். அதன் பிறகு, 1729-ம் ஆண்டில், இங்கிலாந்து நாட்டு பிராட்லி வேறு வழியில் அளந்து ரோமர் சொன்னது சரி என்று காட்டினார். அதன் பின்புதான் உலகம் முழு மனதாக ஒப்புக்கொண்டது.

பூமியிலேயே வெளிச்சத்தின் வேகத்தை அளந்து காட்டியவர் பிரான்சு நாட்டு பிசோ. ஆண்டு 1849. வேகமாகச் சுழலும் பல் சக்கரத்தின் இடைவெளி வழியாக வெளிச்சத்தை அனுப்பினார். அது 8 கிலோ மீட்டருக்கு மேல் உள்ள கண்ணாடியில் பட்டுத் திரும்பி வருவதற்குள், சக்கரத்தின் அடுத்த பல் வந்து வழியை மறித்தது. சக்கரத்தின் வேகத்தைக் கொண்டு வெளிச்சத்தின் வேகத்தைக் கணக்கிட்டார். அவருக்குக் கிடைத்த விடை இன்றைய கணக்கைவிட நூற்றுக்கு 5 பங்குதான் அதிகம்.

குமாஸ்தாவின் துணிச்சல்

அடுத்த ஆச்சரியம் 1887-ம் ஆண்டில் வந்தது.

அலை ஓடத் தண்ணீர் வேண்டும். சத்தம் ஓடக் காற்று வேண்டும். அது போல வெளிச்சம் ஓட "ஈதர்" என்ற கண்ணுக்குத் தெரியாத பொருள் வானம் முழுவதும் நிறைந்து இருக்கிறது என்று எல்லா விஞ்ஞானிகளும் நம்பினார்கள்.

பூமியோ சூரியனைச் சுற்றி வினாடிக்கு 30 கிலோ மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. ஆகவே, எதிர்க்காற்றில் சைக்கிள் மிதிப்பது போல, ஒரு திசையில் வெளிச்சத்தின் வேகம் குறைய வேண்டும் அல்லவா?

அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகரில் மைக்கல்சன், மார்லி என்ற இருவர் அளந்து பார்த்தார்கள். பாதரசத்தில் மிதக்கும் கல் பலகையின் மேல் கருவியை வைத்து, திசை திசையாகத் திருப்பினார்கள். எதிர்பார்த்த வித்தியாசம் வரவே இல்லை!

இந்தப் புதிரை அவிழ்த்தவர் 26 வயது இளைஞர். கல்லூரிப் பேராசிரியர்கூட அல்ல. சுவிட்சர்லாந்தில் பெர்ன் நகரில், புதுக் கண்டுபிடிப்புகளைப் பதிவு செய்யும் அரசாங்க அலுவலகத்தில் வேலை பார்த்தவர். அவர்தான் ஐன்ஸ்டீன்.

ஈதரே தேவை இல்லை என்றார் அவர். வெட்டவெளியில் வெளிச்சத்தின் வேகத்தை யார் அளந்தாலும் ஒரே அளவுதான் வரும் என்றார். ஓடுகிற ரெயிலின் முன் விளக்கில் இருந்து வந்தாலும் சரி, நிற்கிற ரெயிலின் விளக்கில் இருந்து வந்தாலும் சரி, வெளிச்சத்துக்கு ஒரே வேகம்தான்.

அதில் இருந்து பிறந்ததுதான், எந்தப் பொருளையும் வெளிச்சத்தின் வேகத்துக்கு முடுக்கிவிட முடியாது என்ற முடிவு. வேகம் கூடக்கூட, இன்னும் சிறிது கூட்டுவதற்கே மலை போலச் சக்தி தேவைப்படும்.

செர்ன் ஆராய்ச்சிக் கூடத்தில் இது அன்றாடம் காணும் காட்சி. அங்கே பூமிக்கு அடியில் 27 கிலோ மீட்டர் சுற்றளவு உள்ள எந்திரத்தில் புரோட்டான் துகள்களை விரட்டுகிறார்கள். அவற்றின் வேகம் வெளிச்சத்தைவிட வினாடிக்கு சுமார் 3 மீட்டர்தான் குறைவு. ஒரு மனிதன் மெல்ல ஓடுகிற வேகம்! அந்தச் சின்ன இடைவெளியை எவ்வளவு சக்தி கொடுத்தாலும் மூட முடிவது இல்லை.

மலையைத் துளைத்த பந்தயம்

பந்தயத்துக்கு வருவோம்.

நியூட்ரினோ என்று ஒரு துகள். அதற்கு எடை உண்டு, ஆனால் இல்லை என்றே சொல்லும் அளவுக்குக் குறைவு. சுவர், மலை, பூமி எதுவும் அதைத் தடுக்காது. சூரியனில் இருந்து வரும் நியூட்ரினோக்கள், நம் விரல் நகம் அளவு இடத்தின் வழியாக ஒரு வினாடியில் சுமார் 6 ஆயிரம் கோடி பாய்கின்றன. நமக்கு எதுவும் தெரிவது இல்லை.

செர்ன் கூடத்தில் உண்டாக்கிய நியூட்ரினோக்களை, 730 கிலோ மீட்டர் தூரத்தில் இத்தாலியில் உள்ள கிரான் சாசோ என்ற மலையை நோக்கி அனுப்பினார்கள். அந்த மலைக்கு அடியில், 1,400 மீட்டர் பாறைக்குக் கீழே, ஓர் ஆராய்ச்சிக் கூடம் இருக்கிறது. அங்கே "ஓபரா" என்ற கருவி நியூட்ரினோக்களுக்காகக் காத்திருந்தது.

நியூட்ரினோ வழியில் குணம் மாறுகிறதா என்று பார்ப்பதுதான் அந்தக் கருவியின் வேலை. அதோடு, அது வந்து சேர எவ்வளவு நேரம் ஆகிறது என்றும் அளந்தார்கள்.

அளவு மிகத் துல்லியம். 730 கிலோ மீட்டர் தூரத்தை 20 சென்டி மீட்டர் பிசகாமல் அளந்து இருந்தார்கள். 2009-ம் ஆண்டில் லாகிலா நகரில் பூகம்பம் ஏற்பட்டபோது, கருவி 7 சென்டி மீட்டர் நகர்ந்ததுகூட அவர்கள் கணக்கில் தெரிந்தது.

பந்தயத்தில் நியூட்ரினோ, வெளிச்சம் வர வேண்டிய நேரத்துக்கு 60 நானோ வினாடி முன்பே வந்துவிட்டது!

ஒரு வினாடியை 100 கோடி பங்காகப் பிரித்தால், ஒரு பங்குதான் நானோ வினாடி. அந்த நேரத்தில் வெளிச்சமே ஓர் அடி தூரம்தான் ஓடும். ஆகவே, நியூட்ரினோ சுமார் 60 அடி முந்திவிட்டது என்று கணக்கு வந்தது.

"கால்சட்டையைத் தின்கிறேன்!"

செப்டம்பர் 23-ந் தேதி ஓபரா குழுவினர் செர்ன் கூடத்தில் இந்த முடிவை வெளியிட்டனர். ஐன்ஸ்டீனை வென்றுவிட்டோம் என்று அவர்கள் மார் தட்டவில்லை. தவறு எங்கே இருக்கிறது என்று பல மாதங்கள் தேடியும் கிடைக்கவில்லை, மற்றவர்களும் பார்க்க வேண்டும் என்றுதான் கேட்டுக்கொண்டனர்.

பெரும்பாலான விஞ்ஞானிகள் நம்பவில்லை. பிரிட்டனைச் சேர்ந்த பேராசிரியர் ஜிம் அல்-கலீலி, இது உண்மையானால் டெலிவிஷனில் எல்லோரும் பார்க்க என் உள்கால்சட்டையைத் தின்கிறேன் என்று பந்தயம் கட்டினார்!

இதற்கு இடையில் ஒரு வேடிக்கையும் நடந்தது. இத்தாலியக் கல்வி அமைச்சகம் ஒரு பாராட்டுச் செய்தி வெளியிட்டது. செர்ன் கூடத்துக்கும் கிரான் சாசோ மலைக்கும் இடையே சுரங்கப் பாதை அமைக்க இத்தாலி பணம் கொடுத்ததாக அதில் பெருமையுடன் கூறப்பட்டு இருந்தது. 730 கிலோ மீட்டர் நீளத்துக்கு யாரும் சுரங்கம் தோண்டவில்லை. நியூட்ரினோவுக்குச் சுரங்கமே தேவை இல்லை! நாடே சிரித்தது.

நவம்பர் மாதம் ஓபரா குழுவினர் வேறு முறையில் மீண்டும் அளந்தனர். மீண்டும் நியூட்ரினோவே ஜெயித்தது. சந்தேகப்பட்டவர்களுக்கும் குழப்பம் வந்தது.

நட்சத்திரம் சொன்ன சாட்சி

நம்பாதவர்களிடம் ஒரு பலமான சாட்சி இருந்தது.

1987-ம் ஆண்டு பிப்ரவரி மாதம், ஒரு பெரிய நட்சத்திரம் வெடித்தது தெரிந்தது. அது இருந்த தூரம் 1 லட்சத்து 60 ஆயிரம் ஒளி ஆண்டுக்கு மேல். அதில் இருந்து கிளம்பிய நியூட்ரினோக்கள், ஜப்பானிலும் அமெரிக்காவிலும் ரஷியாவிலும் பூமிக்கு அடியில் இருந்த கருவிகளில் பட்டன. வெடிப்பின் வெளிச்சம் சுமார் 3 மணி நேரம் கழித்து வந்தது.

அந்த 3 மணி நேரத்துக்குக் காரணம் உண்டு. நட்சத்திரத்தின் நடுவில் பிறக்கும் நியூட்ரினோ உடனே வெளியேறிவிடும். வெடிப்பின் அதிர்ச்சி நட்சத்திரத்தின் மேற்புறத்தை எட்டிய பிறகே வெளிச்சம் கிளம்பும்.

ஓபரா குழுவின் கணக்கு சரி என்றால், அந்த நியூட்ரினோக்கள் 3 மணி நேரம் அல்ல, 4 ஆண்டுகள் முன்பே வந்து சேர்ந்திருக்க வேண்டும்! அப்படி வரவில்லையே?

குற்றவாளி அகப்பட்டது

கருவியின் ஒவ்வொரு பகுதியையும் அக்குவேறு ஆணிவேறாகச் சோதித்தார்கள். கடைசியில், 2012-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் உண்மை வெளியே வந்தது.

குற்றவாளி ஒரு கேபிள்!

வானத்தில் உள்ள செயற்கைக் கிரகங்கள் தரும் நேரத்தை, மலைக்கு அடியில் உள்ள கடிகாரத்துக்குக் கொண்டுபோகும் கண்ணாடி இழைக் கேபிள் அது. அதன் முனை சரியாகத் திருகப்படாமல் சற்று லூசாக இருந்தது. அதனால் உள்ளே வந்த வெளிச்சம் மங்கியது. கருவி அதை உணர்ந்துகொள்ள சுமார் 73 நானோ வினாடி தாமதம் ஆயிற்று.

ரெயில் நிலையக் கடிகாரம் 5 நிமிடம் பின்தங்கி ஓடினால் என்ன ஆகும்? சரியான நேரத்துக்கு வரும் ரெயில், 5 நிமிடம் முன்னதாக வந்துவிட்டதாகத் தோன்றும். அதுதான் இங்கேயும் நடந்தது. மற்றொரு கடிகாரப் பிழை எதிர்ப் பக்கமாக இழுத்ததால், மொத்தத்தில் 60 நானோ வினாடி என்று கணக்கு வந்து நின்றது.

மார்ச் மாதம், அதே மலைக்கு அடியில் இருந்த "இக்காரஸ்" என்ற மற்றொரு குழு நியூட்ரினோவின் வேகத்தை அளந்து சொன்னது. வெளிச்சத்தை முந்தவில்லை! ஜூன் மாதம் ஜப்பானில் கியோட்டோ நகரில் நடந்த மாநாட்டில், அந்த மலையின் 4 குழுக்களும், ஓபரா உள்பட, அதே முடிவை அறிவித்தன.

பேராசிரியரின் கால்சட்டை தப்பியது!

ஆனால், ஓபரா குழுவில் வருத்தம் மூண்டது. குழுவின் தலைவராகப் பேசி வந்த அந்தோனியோ எரெடிடாட்டோவும், அளவை முன்னின்று நடத்திய டாரியோ ஆட்டியேரோவும் மார்ச் மாதக் கடைசியில் தங்கள் பொறுப்பில் இருந்து விலகினார்கள்.

மூன்று தவறான எண்ணங்கள்

வெளிச்சத்தைப் பற்றி மக்களிடையே சில தவறான எண்ணங்கள் உண்டு.

வெளிச்சம் எங்கும் ஒரே வேகத்தில் ஓடும் என்று பலர் நினைக்கிறார்கள். அது வெட்டவெளிக்குத்தான் பொருந்தும். தண்ணீருக்குள் அதன் வேகம் முக்கால் பங்குதான். அங்கே மின்துகள்கள் வெளிச்சத்தை முந்துவது உண்டு! அப்போது நீல நிற ஒளி தோன்றும். அணு உலைத் தண்ணீரில் அதைக் காணலாம். அதைக் கண்டுபிடித்த ரஷிய விஞ்ஞானி செரன்கோவுக்கு 1958-ம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது. இதனால் ஐன்ஸ்டீனின் விதி உடையாது. வெட்டவெளியில் வெளிச்சத்துக்கு உள்ள வேகத்தை அந்தத் துகள்கள் தொடவே இல்லை.

"ஒளி ஆண்டு" என்றால் காலக் கணக்கு என்று சிலர் எண்ணுகிறார்கள். அது தூரக் கணக்கு. வெளிச்சம் ஓர் ஆண்டில் ஓடும் தூரம் அது. சுமார் 9 லட்சத்து 46 ஆயிரம் கோடி கிலோ மீட்டர்!

ஐன்ஸ்டீனின் கொள்கை வெறும் ஏட்டுச் சுரைக்காய் என்பது மூன்றாவது எண்ணம். செல்போனில் வழி பார்த்துப் போகிறவர்கள் எல்லோரும் அந்தச் சுரைக்காயைத்தான் சமைக்கிறார்கள். வழி காட்டும் செயற்கைக் கிரகங்களின் கடிகாரங்கள், அவர் சொன்ன கணக்குப்படி திருத்தப்பட்டவை. திருத்தாமல் விட்டால், ஒரே நாளில் சுமார் 10 கிலோ மீட்டர் வழி தவறிவிடும்.

சந்தேகம் குற்றமா?

பெரியவர்கள் சொன்னதைச் சந்தேகப்பட்டது ஓபரா குழுவின் குற்றமா?

இல்லை. அரிஸ்டாட்டிலைக் கலிலியோ சந்தேகிக்காவிட்டால், காசினி மறுத்ததை ரோமர் விடாமல் சொல்லாவிட்டால், எல்லோரும் நம்பிய ஈதரை ஐன்ஸ்டீன் தூக்கி எறியாவிட்டால், வெளிச்சத்தின் வேகமே நமக்குத் தெரிந்து இருக்காது.

ஆனால், சந்தேகம் மட்டும் போதாது. ரோமர் நாளும் நேரமும் குறித்துச் சொன்னார். வானம் அதை நடத்திக் காட்டியது. ஓபரா குழுவினரும் தங்கள் அளவை உலகத்தின் முன் வைத்தார்கள். தங்கள் கருவியிலேயே குற்றம் இருந்ததை மறைக்காமல் சொன்னார்கள்.

பிறகு அந்தக் குழுவினர் தங்கள் பழைய வேலைக்குத் திரும்பினார்கள். நியூட்ரினோ வழியில் குணம் மாறுகிறதா என்று தேடினார்கள். மலைக்கு அடியில் வந்து சேரும்போது சில நியூட்ரினோக்கள் வேறு வகையாக மாறிவிடுகின்றன என்பதை, 2015-ம் ஆண்டில் சந்தேகத்துக்கு இடம் இல்லாமல் நிரூபித்தார்கள்.

அந்த முடிவை உலகம் ஏற்றுக்கொண்டது.